அப்பப்பா வீடு: கோர்ட் கடிதம் இனிச் செல்லுமா?

குழு: அப்பப்பா குடும்பம்

சித்தப்பா (தெஹிவளை), காலை 8.10
வெள்ளவத்தை வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு அது பிடித்துவிட்டது. அட்வான்ஸ் வாங்கச் சொல்லித் தரகர் நிற்கிறார். ஆனால் உறுதிப் பத்திரம் எழுத அவர்கள் பிடித்த நொத்தாரிசு, சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் கொடுத்த அட்மினிஸ்ட்ரேஷன் கடிதம் காலாவதி, புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

மாமி (கொட்டாஞ்சேனை), 8.14
கோர்ட் கடிதத்துக்கும் காலாவதி உண்டா? பெரியண்ணா புதுக்கடைக் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து எடுத்த கடிதம் அது.

நான், 8.31
நேற்றுப் பின்னேரம் சட்டத்தரணியிடம் பழைய கோப்பைக் காட்டினேன். பிரச்சினை தேதியில் இல்லை, மாமி. அந்தக் கடிதம் பெரியப்பாவின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் இறந்துவிட்டதால் அதை வைத்துக் கையெழுத்துப் போட இப்போது ஆளில்லை.

டொரொண்டோ அண்ணா, 8.40
அப்பாவுக்குப் பிறகு மூத்த பிள்ளை நான். என் பெயருக்கு மாற்றித் தர மாட்டார்களா?

நான், 8.52
அண்ணா, இதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பப்பாவின் பிள்ளை என்ற முறையில் பெரியப்பாவுக்கு வீட்டில் ஒரு பங்கு இருந்தது. அது அவருடைய வாரிசுகளுக்குத்தான் வரும், வேறு யாரும் அதைத் தொட முடியாது. நிர்வாகி என்ற பொறுப்பு வேறு. நீதிமன்றம் அதை அவரை நம்பிக் கொடுத்தது, அது பிள்ளைக்கு இறங்காது. மிச்சமுள்ள சொத்துக்குப் புதிதாக ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும்.

டொரொண்டோ அண்ணா, 8.55
சரி. அப்பா போனதும் எங்கள் பங்கும் போய்விட்டது என்று அம்மா நேற்று முழுக்க அழுதுகொண்டிருந்தார். இதை இப்போதே அவருக்குச் சொல்கிறேன்.

சித்தப்பா, 9.05
அப்படியானால் வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? விளம்பரம், மதிப்பீடு, எல்லாம் திரும்பவும்?

நான், 9.16
புதிய வழக்கு இல்லை சித்தப்பா. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் அப்பப்பாவின் சொத்துக்கான அதே டெஸ்டமென்டரி வழக்கு இலக்கத்தில் மனுப் போடலாம். பெரியப்பாவின் மரணச் சான்றிதழ், இப்போதுள்ள வாரிசுகள் யார், இன்னும் பிரிக்காமல் இருப்பது என்ன, இவை முக்கியம். யார் யாருக்கு அறிவித்தல் அனுப்புவது என்று நீதிமன்றம் சொல்லும். பங்கு விவரம் பழைய கோப்பிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தவர் என்பதால் அவர்களுக்குரிய தேசவழமைச் சட்டப்படி. வீடு கொழும்பில் இருந்தாலும் அதுதான்.

மாமி, 9.20
எஸ்டேட் டியூட்டி கட்ட வேண்டி வருமோ? எங்கள் தாத்தா செத்தபோது அதற்காகவே ஒரு காணியை விற்றார்கள்.

நான், 9.22
அந்த வரியை 1985இல் எடுத்துவிட்டார்கள் மாமி. அப்பப்பா இறந்தது 1996. பயம் வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைப்படி, கடிதம் கிடைத்து 12 மாதத்துக்குள் நிர்வாகி இறுதிக் கணக்கை நீதிமன்றத்தில் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் கோப்பில் அது இல்லை. வங்கிக் காசு எல்லோருக்கும் பிரிந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் காகிதத்தில் இல்லை. புதிதாக வருபவரிடம் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மாமி, 9.41
பெரியண்ணா ஒவ்வொரு சதத்துக்கும் ரசீது வாங்குகிற ஆள். கனடா போகும்போது ஒரு கட்டு என் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார். பார்க்கிறேன் பொறு.

மாமி, 10.27
📷 📷 📷
எல்லாம் இருக்கிறது பிள்ளை. நாங்கள் காசு வாங்கிக் கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கிறது.

நான், 10.30
மாமி, இது போதும், பெரிய காரியம். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், நான் வந்து பிரதி எடுக்கிறேன்.

சித்தப்பா, 10.48
தரகர் திரும்பவும் எடுத்தார். அண்ணாவின் கையெழுத்து உள்ள ஒரு வெற்றுத் தாள் இருந்தால் பழைய தேதியில் உறுதி எழுதலாம், வேறு நொத்தாரிசு பார்த்துத் தருகிறேன் என்கிறார்.

மாமி, 10.49
ஐயோ வேண்டாம்!

நான், 10.53
சித்தப்பா, அந்த ஆளோடு இனிப் பேசாதீர்கள். அது கள்ள உறுதி. பெரியப்பாவின் பெயரில் அப்படி ஒரு காகிதம் வர நாங்கள் விடக்கூடாது. வாங்குபவர்களும் பாவம், கடன் எடுத்து வாங்குகிறார்கள். இன்னுமொன்று, பழைய கடிதத்தை முழுதாக வாசித்தேன். நீதிமன்றத்தின் விசேட அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்க முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பெரியப்பா உயிரோடு இருந்திருந்தாலும் அந்த அனுமதி எடுத்துத்தான் விற்றிருப்பார். அட்வான்ஸ் ஒரு சதமும் வாங்க வேண்டாம்.

சித்தப்பா, 11.02
சரி. வாங்குபவர்களிடம் நானே நேரில் போய் உண்மையைச் சொல்கிறேன். பொறுத்தால் பொறுக்கட்டும்.

டொரொண்டோ அண்ணா, 11.10
நானும் அம்மாவும் என்ன செய்ய வேண்டும்?

நான், 11.18
உங்கள் சார்பில் கையெழுத்துப் போட இங்கே உள்ள ஒருவருக்கு அட்டோர்னி பவர் கொடுங்கள். டொரொண்டோவில் உள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட்டு மூலத்தை அனுப்புங்கள். பத்தரமுல்லையில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி எடுப்பதையும் பிறகு பதிவதையும் நான் பார்க்கிறேன். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று சட்டத்தரணி அனுப்புவார், அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்பா, 11.35
🎤 குரல் பதிவு

நான், 11.39
அப்பா சொன்னதை எழுதுகிறேன், மாமிக்குக் காது சரியாகக் கேட்காது. நிர்வாகியாகச் சித்தப்பாவை விடலாம், தனக்குச் சம்மதம். வயது குறைந்தவரும் கொழும்பிலேயே இருப்பவரும் அவர்தான். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும், இன்னொருவர் போனால் பிள்ளைகள் இன்னும் ஒரு தலைமுறை அலைய வேண்டி வரும் என்கிறார்.

மாமி, 11.44
எனக்கும் சம்மதம். தம்பி, மறுக்காதே.

டொரொண்டோ அண்ணா, 11.45
அம்மாவும் சரி என்கிறார் சித்தப்பா. எங்களுக்கு முழு நம்பிக்கை.

சித்தப்பா, 12.03
செய்கிறேன். ஆனால் கணக்கு ஒவ்வொரு மாதமும் இந்தக் குழுவில் போடுவேன், எல்லோரும் வாசிக்க வேண்டும். பிள்ளை, திங்கட்கிழமை புதுக்கடைக்கு நானும் வருகிறேன். என் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் தவிர வேறு என்ன எடுத்து வர?

நான், 12.06
வீட்டு மூல உறுதி சித்தப்பா. அது உங்களிடம்தானே இருக்கிறது.