கோபியில் இருந்தபடி பனிச்சறுக்குப் போட்டிக்கு எப்படித் தயாராவது?

வணக்கமுங்க. ராணுவத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் கோபி. இரண்டு வருடமாகக் குல்மார்க்கில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (கோல் ஊன்றிப் பனியில் நெடுந்தூரம் சறுக்கிப் போவது) பழகிப் போட்டிகளில் இறங்குகிறேன். இப்போது இரண்டு மாத விடுப்பு. தினமும் வாய்க்கால் கரையில் 12 கிலோமீட்டர் ஓடுகிறேன், மூச்சு தாங்குகிறது. ஆனால் போன போட்டியில் கடைசி 3 கிலோமீட்டர் இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றித் தள்ளக் கையில் தெம்பே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு பேர் தாண்டிப் போனார்கள். அது இன்னும் உறுத்துகிறது. ஜிம்மில் எதைச் செய்யட்டும்?

— தம்பி, கையை மட்டும் குறை சொல்லாதீங்க. டபுள் போலிங்கில், அதாவது நீங்க சொன்ன மாதிரி இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றும்போது, தள்ளுவது முதுகின் பக்கத் தசையும் வயிறும், கை அப்புறம்தான். வாரம் இரண்டு நாள் புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), கேபிள் புல்-டவுன் (எடை கட்டிய கம்பியை மேலிருந்து கீழே இழுப்பது). ஐந்து முறைக்கு மேல் இழுக்க முடியாத எடை, செட்டுக்கு நடுவே 3 நிமிட ஓய்வு. குறைந்த எடையில் முப்பது நாற்பது முறை இழுப்பதை இப்போதைக்கு விடுங்க.

— சென்னிமலை பக்கம்தானே? முருகன் கோயிலுக்கு 1,320 படி. விடியலில் கோலோடு ஏறுங்க. ரோலர் ஸ்கீ (சாலையில் பழகச் சக்கரம் வைத்த ஸ்கீ) இருந்தால் சமமான சாலையில் மட்டும். அதில் பெரும்பாலும் பிரேக் கிடையாது, இறக்கம் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம்.

— நன்றிங்கண்ணா. புல்-அப் எட்டு வருகிறது, அப்போ இடுப்பில் எடை கட்டித்தான் செய்யணும். ஞாயிறு சென்னிமலை.