ப்ளோவரைத் தானியங்கிக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

கன்னங்குறிச்சி செயலாளர்:
எங்கள் அடுக்ககத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டித் தண்ணீருக்குள் காற்று ஊதும் இரண்டு ப்ளோவர்கள் மாறி மாறி இரவு பகலாக ஓடுகின்றன. பொது மீட்டரின் கரண்ட் பில்லில் பெரும்பங்கு இதற்குத்தான். கரைந்த ஆக்சிஜனை அளக்க டிஓ சென்சார், மோட்டார் வேகத்தை மாற்ற விஎஃப்டி, இரண்டையும் இணைத்துத் தானாக இயக்க பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி என்று ஒரு நிறுவனம் விலை கொடுத்திருக்கிறது. சங்கத்தில் பாதிப் பேர் போடலாம் என்கிறார்கள், மீதிப் பேர் வீண்செலவு என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமிழி:
தயங்காமல் போடுங்கள் சார். இந்த வகை நிலையங்களில் மொத்த மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலோ காற்றூட்டத்துக்கே போகிறது. காலை 6 மணியிலிருந்து 9 வரை குளியல், துணி, சமையல் என்று தண்ணீர் கொட்டும். நள்ளிரவு 2 மணிக்கு ஒன்றுமே வராது. ப்ளோவர் மட்டும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தாலே கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குப் போதும். அதை 4-க்கு ஏற்றுவதால் வேலை இரட்டிப்பாகாது, செலவுதான் ஏறும். நம்மூர் வெயிலில், 30 டிகிரி தண்ணீரில் கரையக்கூடிய உச்சமே ஏறத்தாழ 7.5. அந்த உச்சத்துக்கும் தொட்டியில் இருப்பதற்கும் உள்ள இடைவெளிதான் ஆக்சிஜனைக் கரைய வைக்கிறது. 2-இல் வைத்தால் இடைவெளி 5.5, 4-இல் வைத்தால் 3.5. அதாவது அதே ஆக்சிஜனைக் கரைக்க ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்று ஊத வேண்டும்.

சிவதாபுரம் ஆப்பரேட்டர்:
கணக்கு சரி. ஆனால் நான் தினமும் தொட்டி ஓரம் நிற்பவன். சென்சாரை இறக்கிய சில நாளிலேயே முனையில் வழவழவென்று படலம் பிடிக்கும். அதிலுள்ள பாக்டீரியா அங்கேயே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தொட்டியில் 3 இருக்க, மீட்டர் 1-க்குக் கீழே காட்டும். பிஎல்சி அதை நம்பி ப்ளோவரை முழு வேகத்துக்கு ஏற்றிவிடும். யார் துடைப்பது?

விற்க வருபவர்கள் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்பார்கள். அது மையவிலக்கு ப்ளோவருக்கு. அடுக்ககங்களில் இருப்பது பெரும்பாலும் ரூட்ஸ் ப்ளோவர், சுற்றுக்கு இவ்வளவு என்று ஒரே அளவு காற்றைத் தள்ளும் வகை. தண்ணீரின் ஆழம் மாறாததால் அழுத்தமும் பெரிதாக மாறாது. 20 சதவீதம் குறைத்தால் மிச்சமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

காற்றை ரொம்பக் குறைத்தால் ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியா நிறைந்த சேறு, அடியில் படியும். இழைப் பாக்டீரியா பெருகினால் அது பஞ்சு மாதிரி உப்பி, தெளிவுத் தொட்டியில் இறங்காமல் தண்ணீரோடு வெளியே போய்விடும். நம் ஊர்க் கழிவு கடைசியில் போய்ச் சேருவது திருமணிமுத்தாற்றில். அந்த ஆறு பட்டது போதும்.

முதலில் தொட்டியின் மேற்பரப்பைப் பாருங்கள். எங்கும் பொடிக் குமிழியாக வந்தால், தொட்டி அடியில் சவ்வு வழியாகக் காற்றை விடும் டிஃப்யூசர் நன்றாக இருக்கிறது. ஒரே இடத்தில் பெரிய கொதிப்பாக வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சென்சார் போட்டுப் பயனில்லை.

ஏற்காடு விடுதிக்காரர்:
மலையில் நிலைமை வேறு அண்ணே. சனி ஞாயிறு, மே மாதக் கோடை விழா என்றால் அறை கிடைக்காது. செவ்வாய்க்கிழமை பாதி அறை பூட்டிக் கிடக்கும். டைமர் வைத்து ப்ளோவரை நிறுத்தலாம் என்றால், அதற்கு நேரம் தெரியும், கூட்டம் தெரியாது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி குறைவு. கீழே ஊதுவதைவிட அதிகக் கன அளவு ஊதினால்தான் அதே ஆக்சிஜன் உள்ளே போகும். அதனால் வீண் காற்றுக்கு இங்கே கூடுதல் விலை.

ஆளில்லாத நாளில் முழுக் காற்று அடித்தால் தண்ணீருக்கும் கெடுதல். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. கூடவே காரத்தன்மையும் கரைந்து பிஎச் இறங்குகிறது. காற்றை இடையிடையே நிறுத்தினால் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், போன காரத்தன்மையில் பாதி வரை திரும்பக் கிடைக்கும். இதைச் செய்ய எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் சென்சார்.

ஜவ்வரிசி ஆலைப் பக்கம்:
ஒரு வார்த்தை. எங்கள் தொழிலில் கழிவுநீர் அவ்வளவு செறிவு. அதை நேராகக் காற்றூட்டித் தீர்க்க நினைத்தால் கட்டுப்படியாகாது. முதலில் காற்றில்லாத முறையில் பயோகேஸ் எடுத்துவிட்டு, மீதிக்குத்தான் ப்ளோவர். எந்தத் தானியங்கியும் இந்த வரிசைக்கு மாற்றாகாது.

குமிழி:
ரூட்ஸ் பற்றி ஆப்பரேட்டர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் இரவெல்லாம் வேகத்தை 30 சதவீதம் குறைக்க முடிந்தால் அதுவும் சின்னத் தொகை இல்லையே. படிவதைத் தடுக்க பிஎல்சியில் குறைந்தபட்ச வேகத்தைப் பூட்டிவிடலாம். ரொம்ப மெதுவாக ஓட்டினால் மோட்டாரும் சூடாகும், அதனால் அந்தப் பூட்டு எப்படியும் தேவை. சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ப்ளோவரை நிறுத்தினால் அளவு சில நிமிடங்களில் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, முழு வேகத்திலும் ஏறாமல் கிடந்தாலோ அலாரம் அடித்து, பழைய நிலையான வேகத்துக்குத் திரும்பும்படி நிரல் எழுதலாம்.

சிவதாபுரம் ஆப்பரேட்டர்:
அலாரம் அடிக்கும், யார் வருவார்? பல இடங்களில் ஒரே ஆப்பரேட்டர் மூன்று நான்கு நிலையங்களைப் பார்க்கிறார். பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர் போனை எடுப்பதில்லை. கடைசியில் ஸ்விட்சை ‘மேனுவலில்’ போட்டுவிட்டுப் போவதைத்தான் பார்க்கிறேன்.

செயலாளர் சார், கையில் பிடிக்கும் டிஓ மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். ஒரு வாரநாளும் ஒரு ஞாயிறும் மணிக்கொரு தடவை குறித்து வையுங்கள். இரவிலும் 2-ஐ ஒட்டியே நின்றால் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, டிஃப்யூசருக்குச் செலவு செய்யுங்கள். 4, 5 என்று நின்றால் நானே போடச் சொல்வேன். ஆனால் வாரம் ஒருமுறை சென்சார் துடைப்பதும், மீட்டரை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கன்னங்குறிச்சி செயலாளர்:
விலைப்பட்டியலை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சென்சார், பேனல், கேபிள், நிறுவும் கூலி எல்லாம் இருக்கிறது. துடைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டு, மீட்டர் அளவுகளோடு வருகிறேன்.