மின்னல் படத்தில் விழவே இல்லை, அவசரமாக உதவி தேவை

பொருநைக்கரை:
நேற்று ராத்திரி அம்பாசமுத்திரத்தில் நல்ல மின்னல். பொதிகை மலைப் பக்கம் வெட்டிக்கொண்டே இருந்தது. மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நின்று எடுத்தேன். ஒரு படத்திலும் மின்னல் இல்லை, எல்லாம் இருட்டு. இன்றைக்கும் மேகம் கட்டுகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

தேன்தட்டு:
என்ன கேமரா? ஸ்டாண்டு உண்டா? கையிலேயே பிடித்து எடுத்தீர்களா?

கரிசல்மண்:
ஷட்டர் எத்தனை வினாடி திறந்திருந்தது? இருட்டாக வருகிறது என்றால் நேரம் பத்தவில்லை. 30 வினாடி வையுங்கள், சரியாகிவிடும்.

பழைய_லென்ஸ்:
ஐப்பசி பிறந்தால் வருஷா வருஷம் இதே கேள்வி. கேமராவோடு வந்த கையேட்டை முதலில் படியுங்கள் தம்பி. மின்னலைப் பார்த்த பிறகு பட்டனை அழுத்தினால் கிடைக்காது, விரல் போவதற்குள் அது முடிந்துவிடும். ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். பாலபாடம் இது.

கரிசல்மண், ஷட்டரைக் கூட்டினால் வானமும் தெருவிளக்கும்தான் வெளுக்கும். கண்மூடித் திறப்பதற்குள் மறையும் மின்னலுக்கு அதனால் ஒரு துளி வெளிச்சமும் அதிகமாகாது. அதன் பிரகாசத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் துளை அளவான அப்பர்ச்சரும், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவும்தான்.

பொருநைக்கரை:
சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். டிஎஸ்எல்ஆர், கூட வந்த 18-55 லென்ஸ், அலுமினியம் ஸ்டாண்டு. ஷட்டர் 20 வினாடி, அப்பர்ச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ 100. பார்த்து அழுத்தவில்லை அண்ணா, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். 60 படம் இருக்கிறது.

தேன்தட்டு:
ஃபோகஸ்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் பிடிக்காது. தூரத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும் வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். அப்புறம் தொடவே கூடாது.

வானம்பார்த்தவள்:
60 படம் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 45 நிமிடம் என்றால் 2700 வினாடி. 20 வினாடிக்கு ஒன்று என்றால் 130 படமாவது வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா கொஞ்ச நேரம் அடுத்ததை எடுக்காமல் நின்றதா? அப்படியானால் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருக்கிறது. எடுத்த அதே 20 வினாடிக்கு ஷட்டரை மூடி ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதை வைத்து முதல் படத்தில் உள்ள நாய்ஸை, அதாவது தேவையில்லாத புள்ளிகளை, கழிக்கும். பாதி மின்னல் அந்த நேரத்தில் போயிருக்கும். மீதிப் பாதி, மலைக்கு அந்தப் பக்கத்து மின்னலுக்கு எஃப் 11-இன் சின்னத் துளை பத்தாமல் போயிருக்கும். துளை பெரிதாக எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 வைத்துப் பாருங்கள். ரா ஃபைலில், அதாவது கேமரா திருத்தாத மூலப் படமாக, எடுங்கள்.

ஈரக்காற்று:
அலுமினியம் ஸ்டாண்டை மாடியில் வைக்காதீர்கள், உலோகம் மின்னலை இழுக்கும்.

பழைய_லென்ஸ்:
இழுக்காது. அலுமினியமோ மரமோ, பொருள் முக்கியமில்லை. உயரமாக, தனியாக நிற்பதைத்தான் மின்னல் தேடும்.

ஈரக்காற்று:
எங்கள் தோட்டத்துத் தென்னையில் விழுந்து குருத்து கருகியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பழைய_லென்ஸ்:
தென்னையில் ஏது உலோகம்? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

வானம்பார்த்தவள்:
ஸ்டாண்டு கிடக்கட்டும். மொட்டை மாடியில் உயரமாகத் தனியாக நின்றது தம்பிதான்! மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகாமல் வெளியே வரக்கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள், பக்கத்தில் எங்கே வெட்டுகிறது என்று காட்டும். ஜன்னல் வழியாகவே எடுக்கலாம், தயவுசெய்து மாடிக்குப் போகாதீர்கள்.

பொருநைக்கரை:
நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில்தான் இருந்தது அக்கா. அணைத்துவிட்டு, மாடிப்படி ஜன்னலுக்கு உள்ளே வைத்து எடுத்தேன். 2 விழுந்திருக்கிறது! ஒன்றில் கரண்டு கம்பி குறுக்கே போகிறது, இன்னொன்றில் கிளை கிளையாகப் பிரிவது தெளிவாக இருக்கிறது. இப்போது எண்ணினால் 12-லேயே இடி கேட்கிறது, ஜன்னலைச் சாத்திவிட்டேன். படம் நாளைக்குப் போடுகிறேன்.