ஒரு இஞ்ச் தண்ணீர் எத்தனை லிட்டர்?

போன கோடையில் காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் போர் போட்டோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி. 620 அடியில் தண்ணீர் வந்ததும் வாய்க்கால்போல் மண் அணைத்து, நடுவில் 'வி' வெட்டிய தகட்டை நட்டு அளந்தார்கள். "ஒரு இஞ்ச் தண்ணிங்க" என்றார் வண்டிக்காரர்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு இரண்டு இஞ்ச். மணிக்கு 3,000 லிட்டர் எடுக்கிறார். சரி, நமக்குப் பாதி என்று 1,500 லிட்டர் எடுக்கும் மோட்டாரை இறக்கினேன். தினமும் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் அறுந்துவிடும். ஒன்றரை மாதத்தில் மோட்டாரின் கம்பிச் சுற்று, அதாவது காயில், எரிந்தது. தென்னம்பிள்ளைகள் வாடியதைப் பார்க்கத்தான் மனசு ஆறவில்லை.

காயில் கட்டித் தந்த மாமா, வால்வைத் திருகி, தண்ணீர் அறாமல் சீராக வரும் அளவில் நிறுத்தி, 200 லிட்டர் டிரம்மை வைத்தார். நிரம்ப 24 நிமிடம். மணிக்கு 500 லிட்டர்தான்!

விஷயம் அந்தத் தகட்டில் இருக்கிறது. இஞ்ச் என்பது வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரம். உயரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும், பரப்பு நாலு மடங்காகும், வேகமும் கூடும். ஆக வரத்து ஐந்தரை மடங்கைத் தாண்டிவிடும். 90 பாகை வெட்டில் ஒரு இஞ்சுக்கு மணிக்குச் சுமார் 500 லிட்டர், ஒன்றரைக்கு 1,400, இரண்டுக்கு 2,900. மோட்டார் வாங்கும் முன் டிரம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.
— காங்கேயம்

எனக்குக் காலன் (gallon) அளவில் இதே கதை, அண்ணா. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) எப்போதும் காலனில்தான் சொல்வார். அந்தப் பழக்கத்தில் நெட்டில் கிடைத்த அமெரிக்க பம்ப் அட்டவணையை 4.546-ஆல் பெருக்கிவிட்டேன். அது பிரிட்டிஷ் காலன். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்தான். ஆயிரம் காலனுக்கு 760 லிட்டர் அதிகமாகக் கணக்குப் போட்டிருந்தேன். நாம் 44 காலன் டிரம் என்பதை அவர்கள் 55 காலன் டிரம் என்கிறார்கள்.
— கோபி

எங்கள் வீட்டில் நாலு படி ஒரு வள்ளம். படியை 1.3 லிட்டர் என்று எங்கோ படித்து, விதைக் கம்புக்கு அப்படியே கணக்கிட்டேன். அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) பித்தளைப் படியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் 1.6 லிட்டர் பிடித்தது. அவர் அதைப் பட்டணம் படி என்பார். இப்போது அதன் அடியில் லிட்டர் அளவை ஆணியால் கீறி வைத்திருக்கிறேன்.
— தாராபுரம்