கொடியில் உள்ள செம்மஞ்சள் பட்டை நம்மளுக்கும்தானா?

கொழுந்துக்கூடை:
இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் தரம் 6, சுதந்திர தினத்துக்குத் தேசியக் கொடி வரைந்து கொண்டு போகணும். பச்சை முதலிலா செம்மஞ்சள் முதலிலா என்று மாற்றி மாற்றி அடித்து, ரப்பர் போட்டே தாள் கிழிந்துவிட்டது. அது போகட்டும், "செம்மஞ்சள் தமிழருக்குன்னா அதுல நாமளும் இருக்கோமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மலைக்காத்து:
தங்கச்சி, முதலில் படத்தை முடிங்க. கம்பத்துப் பக்கம் பச்சை, அது முஸ்லிம்களுக்கு. அடுத்தது செம்மஞ்சள், தமிழருக்கு. அப்புறம் மெரூன் கட்டத்தில் வாள் பிடித்த சிங்கம், நான்கு மூலையிலும் அரசிலை. அரசிலை 1972இல்தான் வந்தது, அதனால் பழைய படத்தைப் பார்த்து வரைய வேண்டாம்.

லயத்துப்பையன்:
பிள்ளை கேட்டது சரியான கேள்வி. இந்தக் கொடி 1951இல் வந்தது. அதற்கு முன்னாடியே 1948 பிரஜாவுரிமைச் (குடியுரிமை) சட்டம் இந்தியாவில் இருந்து வேலைக்கு வந்த நம்ம தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக ஆக்கிவிட்டது, அடுத்த வருஷம் வாக்கும் போச்சு. அதாவது தமிழருக்கென்று பட்டை ஒட்டிய நாளில் எங்கள் தாத்தா எந்த நாட்டுக்காரர் என்றே எழுத்தில் இல்லை. பட்டை சிங்கத்துக்கு வெளியே நிற்கிறதே என்ற பேச்சு வேறு. கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசனே ஒத்துக்கொள்ளாமல் தனிக் குறிப்பு எழுதினார்.

மலைக்காத்து:
தம்பி சொல்வது உண்மைதான், ஆனால் 2003 சட்டத்துக்கு அப்புறம் மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதே. இருக்கிறோம் என்றே பிள்ளையிடம் சொல்லலாம். இன்னொன்றும் சொல்லுங்க: அந்தச் சிங்கம் கண்டி ராஜாவின் கொடியில் இருந்து வந்தது, 1815இல் வெள்ளைக்காரன் கண்டியைப் பிடித்தபோது கடைசியாக இருந்த ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், மதுரைப் பக்கத்து உறவு. பிடித்து வேலூருக்கு அனுப்பி, அங்கேயே 1832இல் செத்துப்போனார். சிங்கத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

லயத்துப்பையன்:
ராஜா உறவு சரி அண்ணே, நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) உறுதிப்பத்திரம் எப்போ வரும்?

கொழுந்துக்கூடை:
இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு கதையையும் சொன்னேன், ராஜா கதைதான் அவளுக்குப் பிடித்தது. சிங்கத்தின் வாலில் எட்டு முடிதான் என்று டீச்சர் சொன்னாராம், இவள் பதினொன்று போட்டிருக்கிறாள். மறுபடியும் ரப்பர்.