கெய்ர்சோப்பா கப்பலில் இறந்த நம் நாட்டு மாலுமிகளின் ஊர் விவரம் தேடுகிறேன்

நண்பர்களே, எல்லா வழியிலும் தேடி முட்டி நிற்கிறேன். 1941இல் மூழ்கிய கெய்ர்சோப்பா கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளின் சொந்த ஊர் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கப்பல் விவரம்: 1919இல் கட்டிய சரக்கு நீராவிக் கப்பல், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து வெள்ளி, இரும்பு, தேயிலையோடு கிளம்பி, மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் எஸ்எல் 64 என்ற கப்பல் கூட்டத்தோடு சேர்ந்தது. புயலில் நிலக்கரி குறைந்து, தனியே அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் திரும்பியது. பிப்ரவரி 16 இரவு யூ-101 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை அடித்து மூழ்கடித்துவிட்டது. 13 நாள் படகில் தத்தளித்து உயிரோடு கரை சேர்ந்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் ஏர்ஸ் மட்டும்தான்.

2011இல் 4,700 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள்! கரி அள்ளிப் போட்டவர்களைப் பற்றி ஒரு வரி கிடைப்பதில்லை. நானும் இஞ்சின் அறையில் இருபது வருஷம் இருந்தவன், அதனால் மனசு கேட்கவில்லை.

இதுவரை செய்தது: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் கப்பல் பெயரைப் போட்டுத் தேடினேன். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான லண்டன் டவர் ஹில் நினைவுச்சின்னப் பட்டியலையும் பார்த்தேன். இந்திய மாலுமிகளுக்கான பம்பாய், சிட்டகாங் நினைவுப் பட்டியலிலும் ஊர் தெரியவில்லை. ஒரு ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு முறை எழுதினேன், அப்புறம் பதிலே இல்லை.

கல்கத்தாவில் கப்பலேறும்போது மாலுமிகள் கையெழுத்திட்ட ஒப்பந்தப் பட்டியல்கள் இன்று எங்கே இருக்கின்றன, யாரிடம் கேட்டால் பார்க்க விடுவார்கள்?