மறுமொழி: 'பாராடாக்சானமிஸ்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மழைக்காட்டுப் பூச்சி ஆய்வுகளில் அடிக்கடி வரும் 'பாராடாக்சானமிஸ்ட்' (உயிரினங்களைச் சேகரித்து முதற்கட்டமாகப் பிரித்து வைக்கும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்) என்ற சொல்லுக்குத் 'துணை வகைப்பாட்டியலாளர்' என்பதே போதும் என்று முந்தைய மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். 'பாராமெடிக்கல்' என்பதைத் துணை மருத்துவம் என்று வழங்கிப் பழகிவிட்டதால் அதே வழியில் போகலாம் என்கிறார். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில், இவர்கள் யார் என்று பார்ப்போம். 1980களின் இறுதியில் சூழலியலாளர்களான டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்சும் கோஸ்டா ரிக்காவில் இந்தச் சொல்லை உருவாக்கினார்கள். காட்டை ஒட்டிய ஊர்களிலிருந்து விவசாயிகள், வனக்காவலர்கள், இல்லத்தரசிகள் எனப் பலர் பயிற்சி பெற்று இப்பணிக்கு வந்தார்கள். பூச்சியைப் பிடிப்பது, ஊசியில் குத்திப் பதப்படுத்துவது, இடமும் நாளும் எழுதிய சிட்டையை இணைப்பது, உருவ ஒற்றுமையைக் கொண்டு குவியல் குவியலாகப் பிரிப்பது ஆகியவை இவர்களுடைய வேலை.

கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்ட்டே பகுதியில் இவர்கள் கம்பளிப்புழுவை அது தின்னும் இலையோடு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டித் தொங்கவிட்டு, அது பட்டாம்பூச்சியாகும் வரை நாள்தோறும் பார்த்துக் குறித்துவைப்பார்கள். அஸ்ட்ராப்டஸ் ஃபல்ஜரேட்டர் என்று ஒரே பெயரில் அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சி பத்துச் சிற்றினங்களின் தொகுதி என்று 2004-இல் டி.என்.ஏ. பட்டைக்குறியை (சிற்றினத்தை அடையாளம் காட்டும் சிறு மரபணுத் துண்டை) கொண்டு காட்டினார்களே, அதற்கு இப்படிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த குறிப்புகள்தாம் அடித்தளம். வளர்ந்த பூச்சிகளைப் பார்த்தால் வேறுபாடு தெரிவது அரிது. எந்தப் புழு எந்த இலையைத் தின்றது, அதன் நிறம் என்ன என்ற பதிவு இல்லாதிருந்தால் மரபணு வேறுபாட்டுக்குப் பொருள் சொல்லியிருக்க முடியாது.

இந்த அறிவைத் 'துணை' என்ற சொல் தாங்காது. துணைவேந்தர் உயர்ந்த பதவியல்லவா என்று கேட்கலாம். என் மறுப்பு உயர்வு தாழ்வைப் பற்றியது மட்டுமன்று. துணை இயக்குநர், துணை ஆட்சியர் என்று படித்துப் பழகிய நமக்குத் 'துணை வகைப்பாட்டியலாளர்' என்றால் வகைப்பாட்டியலாளர் என்ற பதவிக்கு ஒரு படி கீழே இருப்பவர் என்றே தோன்றும். இவரோ அந்த ஏணியிலேயே இல்லாதவர். தனித் தொழில் உடையவர்.

பப்புவா நியூ கினியின் மடாங் நகருக்கு அருகே உள்ள ஆய்வு மையமும் இதற்குச் சான்று. செக் நாட்டு ஆய்வாளர் வோய்ட்டெக் நோவோட்னியும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வளர்த்த அதன் பெயர் பினாட்டாங். அந்நாட்டில் பேசப்படும் டோக் பிசின் மொழியில் பூச்சி என்று பொருள். (தம் மொழிச் சொல்லையே பெயராகச் சூட்டியது நம் குழுவுக்கு உவப்பான செய்தி.) 51 தாவரச் சிற்றினங்களை உண்ணும் 900-க்கும் மேற்பட்ட பூச்சியினங்களை ஆராய்ந்து, நோவோட்னி தலைமையிலான பன்னாட்டுக் குழு 2002-இல் வெளியிட்ட முடிவு, வெப்பமண்டலத்தில் 3 கோடிக் கணுக்காலிச் (பூச்சி, சிலந்தி போன்றவை) சிற்றினங்கள் இருக்கலாம் என்று பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் 1982-இல் சொன்ன மதிப்பீட்டை 40 முதல் 60 லட்சத்துக்கு இறக்கியது. அந்த ஆய்வின் கையும் கண்ணும் உள்ளூர் பாராடாக்சானமிஸ்டுகளே.

ஆகவே 'கள வகைப்படுத்துநர்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். '-இயலாளர்' என்ற ஈறு ஒரு துறையைக் கற்றவரைக் காட்டும். ஓட்டுநர், நடத்துநர், பயிற்றுநர் ஆகியவற்றில் வரும் '-நர்' தொழிலைச் செய்பவரைக் காட்டும். புதிய சிற்றினத்துக்கு விவரணம் எழுதிப் பெயரிடுபவர் வகைப்பாட்டியலாளர். அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான பூச்சிகளைப் பிரித்து வைப்பவர் வகைப்படுத்துநர். அருங்காட்சியக அறிஞர் காட்டுக்குள் வந்தாலும் வகைப்பாட்டியலாளராகவே இருப்பார் என்பதால் குழப்பம் நேராது.

இவர்களில் பலர் ஆய்வகத்திலும் அமர்ந்து வேலை செய்கிறார்களே, 'கள' என்ற முன்னொட்டு எதற்கு என்ற கேள்வி எழலாம். வெறும் 'வகைப்படுத்துநர்' என்றால் தபால் பிரிப்பவரும் நூலகத்தில் நூல்களை அடுக்குபவரும் அதில் அடங்கிவிடுவார்கள் என்பதால் அதைச் சேர்த்தேன். இதைவிடப் பொருத்தமான முன்னொட்டு தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். 'மார்ஃபோஸ்பீஷிஸ்' (உருவ ஒற்றுமையை மட்டும் கொண்டு பிரித்த இனம்) என்பதற்கு 'உருவச் சிற்றினம்' என்று வைத்துக்கொண்டால், "கள வகைப்படுத்துநர்கள் உருவச் சிற்றினங்களாகப் பிரித்த பூச்சிகளை வகைப்பாட்டியலாளர்கள் சரிபார்த்தார்கள்" என்ற வாக்கியம் தடையின்றி ஓடுகிறது.